குப்ரிக் வெட்டி எறிந்தவை

அறிவியல் புனைவுப் படம் ஒன்று காலம் கடந்து நிற்கிறது என்றால், அது எதிர்காலத்தைச் சரியாகக் கணித்ததே காரணம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) பற்றிப் பேச்செடுத்தால் போதும், கைக்கணினி, காணொளி அழைப்பு, பேசும் இயந்திரம் என்று பட்டியல் வந்துவிடும். 2011இல் ஆப்பிள் தொடுத்த வழக்கில் சாம்சங் இந்தப் படத்தின் காட்சியையே நீதிமன்றத்தில் சான்றாக வைத்தது. ஜோசியக் கணக்குப் பார்ப்பதென்றால் பொய்த்தவற்றையும் எண்ண வேண்டாமா? படத்தில் விண்ணோடம் ஓட்டும் பான் ஆம் நிறுவனம் 1991இல் மூடப்பட்டது. காணொளி அழைப்புக்குக் கட்டணம் வாங்கும் பெல் நிறுவனம் 1984இலேயே உடைக்கப்பட்டது. வியாழனுக்கு யாரும் போகவில்லை. இத்தனை பொய்த்த பிறகும் 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் இதற்குத்தான் முதலிடம் தந்தார்கள்.

காரணம் வேறு. அதைத் தேடும் வழியில் முன்னோடிகளை வேகமாகக் கடந்துவிடலாம். மெலியேயின் நிலவுப் பயணம் (1902) கண்கட்டு வித்தை, அதுவும் இனிய வித்தை. ஃபிரிட்ஸ் லாங் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தில் எழுப்பிய நகரம் இன்றும் மலைக்க வைக்கிறது. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்று கடைசியில் அது செய்யும் உபதேசத்தை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐம்பதுகளின் ஹாலிவுட் நகரத்தை விட்டுவிட்டு உபதேசத்தைப் பிடித்துக்கொண்டது. 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) படத்தின் விருந்தாளி, பூமிக்குச் சொற்பொழிவு ஆற்றிய பிறகே கப்பலேறுகிறார். 'ஃபர்பிடன் பிளானட்' (1956) தன் அரக்கனின் பிறப்பிடம் ஆழ்மனம் என்று வசனத்தில் விளக்கி, அதுவரை சேர்த்துவைத்த அச்சத்தை ஒரே நொடியில் செலவழித்துவிடுகிறது.

குப்ரிக்கும் முதலில் விளக்கத்தோடுதான் புறப்பட்டார். வேற்றுலக உயிர்கள் பற்றி அறிவியலாளர்கள் பேசும் நேர்காணல்களை முன்னுரையாகப் படம்பிடித்தார். பின்னணி உரையும் திட்டமிட்டார். இரண்டையும் தூக்கி எறிந்தார். அலெக்ஸ் நார்த்தைக் கொண்டு எழுதுவித்த இசையும் போயிற்று. படம் திரைக்கு வந்த பிறகு மேலும் 19 நிமிடங்களை வெட்டினார். மிஞ்சிய படத்தில் தொடக்கத்தின் 25 நிமிடங்களிலும் முடிவின் 20 நிமிடங்களுக்கு மேலும் வசனமே இல்லை. நடுவில் வருவது பெரும்பாலும் சாண்ட்விச் பேச்சு. கணிப்புக்காரர்கள் கொண்டாடும் அந்தக் காணொளி அழைப்பையே எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானி ஃபிளாய்ட் தன் சின்ன மகளிடம், பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால், அவள் தொலைபேசி என்கிறாள்! பிறகு விண்கப்பலில் விண்வீரன் பூலுக்கு அவன் பெற்றோரின் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டு வருகிறது. அவன் கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக் கிடக்கிறான், முகத்தில் ஓர் அசைவும் இல்லை. திரைக்கருவி இன்று நம் கையில் இருக்கிறது என்பதால் இக்காட்சி நிலைக்கவில்லை. அந்த முகம் எதைச் சொல்கிறது என்று படம் சொல்ல மறுப்பதால் நிலைத்திருக்கிறது. உறக்கநிலையில் கிடக்கும் மூவர் கொல்லப்படுவதைத் திரையில் தட்டையாகும் கோடுகளாக மட்டும் காட்டிவிட்டு, அவர்களைக் கொன்று பின் அணைக்கப்படும் ஹால் கணினியின் கெஞ்சலுக்கு நிமிடக்கணக்கில் இடம்தரும் படம் இது. யார்மீது இரங்குவது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

மழுப்பலை ஆழம் என்று கொண்டாடுகிறீர்கள், விளக்காததெல்லாம் காவியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குப்ரிக் மழுப்புவதே இல்லை. விண்கப்பலின் உள்வட்டத்தை விக்கர்ஸ் நிறுவனத்தைக் கொண்டு உண்மையிலேயே சுழலும் பெருஞ்சக்கரமாகக் கட்டினார். விண்ணோடக் கழிப்பறையின் அறிவிப்புப் பலகைகூட வரி வரியாக எழுதப்பட்டது. பொருள்களில் இத்தனை துல்லியம் இருப்பதால்தான் அர்த்தத்தில் அவர் காக்கும் மௌனத்துக்கு எடை கிடைக்கிறது. எதிர்ச்சான்றும் கைவசம் உண்டு. கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் அதே கதையை நாவலாக எழுதி, முடிச்சுகளைப் பொறுமையாக அவிழ்த்தார். பீட்டர் ஹையம்ஸ் எடுத்த '2010' (1984) ஹால் ஏன் பிறழ்ந்தது என்பதற்கு விடையும் தந்தது. விடை பிழையில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பற்றி இன்று விவாதிக்க எதுவும் மிஞ்சவில்லை. (அந்த விடையைச் சொல்லும் சந்திரா, கிளார்க்கின் தொடர்நாவலில் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. திரையில் அந்த வேடம் ஓர் அமெரிக்க நடிகருக்குப் போயிற்று.)

குப்ரிக்கின் படம் பிடிக்கவில்லை என்று சொன்ன தார்க்கோவ்ஸ்கிதான் அவருடைய உண்மையான வாரிசு. 'ஸ்டாக்கர்' (1979) ஒரு வேற்றுலகப் பொருளைக்கூடக் காட்டாமல், ஈரப் புல்வெளியில் வீசப்படும் ஒரு திருகுமரையை வைத்து நம்மை நடுங்க வைக்கிறது. நோலன் குப்ரிக்கின் பக்தர். ஆயினும் 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தில் காகிதத்தை மடித்துப் பேனாவால் துளைத்துப் பாடம் எடுக்கிறார், உச்சக்காட்சியிலும் பேசித் தீர்க்கிறார். வாதத்துக்கு வலுவான சான்று 'பிளேட் ரன்னர்' (1982). கதாநாயகன் டெக்கார்டின் பின்னணி உரையும், குப்ரிக்கின் 'தி ஷைனிங்'கில் எஞ்சிய நிலக்காட்சிகளைக் கொண்டு ஒட்டிய மகிழ்ச்சியான முடிவுமாகத்தான் அது வெளிவந்தது. அந்த வடிவமே வீடியோ கேசட்டில் ரசிகர்களைச் சேர்த்ததே என்பார்கள். சேர்த்தது அந்த மழையும் தெருக்களும். செயற்கை மனிதன் ராய் பேட்டி இறக்கும் கணத்தில், அவன் ஏன் தன்னைக் காப்பாற்றினான் என்று டெக்கார்ட் ஊகித்துச் சொல்லும் வரிகளை யாரும் கொண்டாடியதில்லை. 1992இலும் 2007இலும் வந்த திருத்திய வடிவங்களில் அந்த உரை இல்லை. அக்காட்சியில் இப்போது கேட்பது பேட்டியின் குரல் மட்டுமே.