டைப்ரைட்டர் சங்கீதம்

பொருட்காட்சியில் அடம்பிடித்து புல்புல்தாரா வாங்கியவர்கள் கை தூக்கலாம். நீள மரப்பெட்டி, மேலே தந்திகள், டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள். இரண்டு நாள் ‘ஜன கண மன’ தட்டுவோம். மூன்றாம் நாள் அது பரணில் இருக்கும்.

பெட்டிக்குப் பிறந்த ஊர் ஜப்பான். 1912-ல் நகோயாவில் கோரோ மொரிடா என்பவர், தந்தி வாத்தியத்தில் டைப்ரைட்டர் பாணிக் கட்டைகளைப் பொருத்தி, ‘தைஷோகோடோ’ செய்தார். கப்பலேறி வந்ததும் நமக்கு அது விளையாட்டுச் சாமான். கராச்சியிலும் மக்ரான் கரையிலும் இருந்த பலூச்சிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். பெட்டியைப் பெரிதாக்கி, ‘பெஞ்ஜு’ என்று பெயர் வைத்து, கச்சேரிக்கே கொண்டுபோய் விட்டார்கள். பிலாவல் பெல்ஜியம் என்று ஒரு மேதை இருந்தார் (பெயரே அதுதான், சத்தியமாக!).

இப்போது அந்த வரிசையில் உஸ்தாத் நூர் பக்ஷ். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பஸ்னி பக்கத்து மனிதர். சப்ஸல் சாமி என்ற பாடகருக்குப் பல வருடம் பக்கவாத்தியம் வாசித்தவர். தானியல் அகமது என்ற மானுடவியலாளர் தேடிப்போய்ப் பதிவு செய்ய, 2022-ல் ‘ஜிங்குல்’ ஆல்பம் வந்தது. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அதன் பிறகுதான் ஐரோப்பிய மேடைகள்.

மேல்நாட்டுக்காரர்கள் எழுதும்போதெல்லாம் பாட்டரியில் ஓடும் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு இது எரிச்சல். ஏழ்மையையும் சேர்த்துப் பாக்கெட் போட்டால் சரக்கு நன்றாக விலை போகும் என்று பி.காம். படித்தவனுக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கரகரப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. பெஞ்ஜுவின் ஒலி தட்டிய கணத்தில் செத்துப்போகும். கரண்டு அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது.

கட்டை வாத்தியத்தில் கமகம் வராது என்பது நம் வித்வான்களின் பழைய புகார். அதே காரணத்தைச் சொல்லித்தான் 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தை வெளியே தள்ளியது. முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. நூர் பக்ஷைக் கேட்டால் இந்தப் புகாரே ஆட்டம் காணும். வலது கை தந்தியை விடாமல் மீட்ட, இடது கை இரண்டு மூன்று கட்டைகளுக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்வரம் வளையவில்லைதான். ஆனால் நமக்கு வளைவதாகக் கேட்கிறது!

குறையும் உண்டு. தம்பூரக் தாளம் வேகமெடுத்து எல்லோரும் தலையாட்டும் கட்டத்தில், அவர் கொஞ்சம் வித்தை காட்டுகிறார். அவருடைய நிஜமான இடம் ‘ஜஹீரோக்’. பிரிவைச் சொல்லும் பலூச்சி மெட்டு. பெண்கள் மாவு திரிக்கும்போதும், ஒட்டகக்காரர்கள் வழிநடையிலும் பாடியது. அதை அவர் நிதானமாக எடுக்கும்போது, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடுகிற இடைவெளி இருக்கிறதே... அங்கே கைதட்ட யாருக்கும் தோன்றாது.

யூ டியூபில் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் மூன்று நிமிடம் ‘என்னய்யா இது, ஒரே மெட்டு’ என்று தோன்றும். நிறுத்திவிடாதீர்கள்.