பெயரில்லாத கட்டம்

ஒவ்வொரு தொழிலுக்கும் சொந்தமாக ஒரு சிரிப்பு உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களுக்கும், நாதஸ்வரக்காரர்களுக்கும், அச்சுக்கூடத்துக்காரர்களுக்கும் தங்களுக்குள் மட்டுமே செல்லுபடியாகிற ஒரு ஹாஸ்யம் இருந்து வந்திருக்கிறது. வெளியாளுக்கு அது விளங்காது. விளங்காமல் இருப்பதிலேதான் அதன் ருசியில் பாதி இருக்கிறது. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடுகிற ஆட்டுச் சந்தையில் அரை மணி நேரம் நின்று காதைக் கொடுத்தால் நான் சொல்வது புரியும்.

அதே திருமங்கலத்திலிருந்து காலையில் மதுரைக்குப் பஸ் ஏறுகிற இளைஞர்களில் சிலருக்கு இன்று வேறொரு தொழில், வேறொரு சிரிப்பு. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எழும்பியிருக்கிற கம்ப்யூட்டர் கட்டடங்களில் அவர்கள் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறார்கள். டேட்டாபேஸ் என்றால் பெரிய பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கட்டுகிறவர்கள், அதில் தேடுகிறவர்கள், அது படுத்துக்கொண்டால் நடுராத்திரியில் எழுந்து உட்காருகிறவர்கள் இவர்கள். இவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கேலியையும் புலம்பலையும் இலக்கியமாக வைத்துப் பார்க்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிப் பார்ப்பதானால் கதைக்கும் கவிதைக்கும் வைக்கிற அளவுகோலைத்தான் இதற்கும் வைக்க வேண்டும். பாவம், உழைக்கிற பிள்ளைகள் என்று சலுகை காட்டுவது விமரிசனமாகாது.

முதலில் பிரசித்தமான ஒரு ஹாஸ்யத்தை எடுத்துக்கொள்வோம். 1970-இல் காட் என்ற அறிஞர், விவரங்களையெல்லாம் டேபிள்களாகப் பிரித்து வைத்து வேண்டும்போது ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கென்று ஒரு பாஷை செய்தார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல். அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பாஷையில் டேபிள்களைச் சேர்ப்பதற்கு 'ஜாயின்' என்று பெயர். இனி ஹாஸ்யம்: இந்தப் பாஷையில் எழுதிய ஒரு கேள்வி சாராயக் கடைக்குள் நுழைகிறது, அங்கே இரண்டு டேபிள்களைப் பார்த்து, நானும் ஜாயின் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்கிறது. அவ்வளவுதான்.

காளமேகத்தின் சிலேடைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது போதாது. சிலேடையில் இரண்டு அர்த்தமும் உயிரோடு நிற்க வேண்டும். இங்கே கடைக்கு உயிர் இல்லை. டேபிளுக்கும் உயிர் இல்லை. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தெரிந்துவிட்டது என்பதைத் தவிர இதில் அனுபவம் எதுவும் இல்லை. தொழிலில் சேர்ந்த முதல் மாதத்தில் சிரிக்கலாம். பிறகும் சிரிக்கிறவரைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

இதைவிட எவ்வளவோ மேலானது, அமெரிக்கரான ராண்டல் மன்ரோ 2007-இல் வரைந்த சித்திரக் கதை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாய்க்கு டெலிபோன் வருகிறது. பள்ளியின் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. விசாரித்தால், அவள் தன் பையனுக்கு வைத்திருக்கும் பெயருக்குள்ளேயே, மாணவர் டேபிளை அழித்துவிடு என்ற உத்தரவு அடங்கியிருக்கிறது. பெயரைப் பதிவு செய்ததும் அந்த வருஷத்து மாணவர் கணக்கு முழுதும் போய்விட்டது. உள்ளே வருவதைச் சோதிக்காமல் வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்ற பாடத்தைத் தாயே சொல்லி முடிக்கிறாள். நாலே கட்டங்கள். பாத்திரங்கள் இருக்கிறார்கள், சம்பவம் இருக்கிறது, தவறு செய்தவனுக்குத் தண்டனையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெயரை உச்சரித்தால் காரியம் நடந்துவிடும் என்ற மிகப் பழைய மந்திர நம்பிக்கை இந்தப் புதிய தொழிலில் நிஜமாகவே பலிக்கிறது என்ற கண்டுபிடிப்பு இருக்கிறது. அதனால்தான் அந்தப் பையனின் பெயரைச் சொன்னாலே இத்தொழிலில் எவரும் புன்னகை செய்கிறார்கள்.

சிரிப்பைப் போலவே புலம்பலுக்கும் ஒரு மரபு உண்டு. அழிக்கச் சொல்லும்போது எதை அழிப்பது என்ற நிபந்தனையை எழுத மறந்து, ஒரு வரிக்குப் பதில் ஒரு டேபிளையே அழித்தவனின் கதை ஊருக்கு ஊர் உண்டு. இதில் மிகச் சிறந்தது கதையல்ல, நடந்த சம்பவம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, கிட்லேப் என்ற கம்பெனியில் வெகுநேரம் கண் விழித்த ஒரு ஊழியர், காலியான மெஷின் என்று நினைத்து அசல் மெஷினில் அழிக்கும் உத்தரவைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் நாலரைதான் மிச்சம். ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் சரியாக உதவவில்லை. அன்று அதே ஊழியர் வேறு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய நகல்தான் காப்பாற்றியது.

கம்பெனி இதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை உலகம் பார்க்க ஒளிபரப்பியது. பிறகு நடந்ததை நடந்தபடி எழுதி வெளியிட்டது. ஊழியரின் பெயரைப் போடாமல், குழுவில் ஒருவர் என்றே குறிப்பிட்டது. இந்தத் தொழிலிலிருந்து வந்த உரைநடையில் இதைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். அலங்காரம் இல்லை. வில்லன் இல்லை. தூக்கம், அவசரம், யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மனிதன் கையால் எப்படி அழிவைச் செய்விக்கும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நாவலாசிரியன் நானூறு பக்கத்தில் செய்ய முயல்வதும் அதுவேதான்.

இனி இந்த இலக்கியத்தின் குறைக்கு வருகிறேன். இவர்களுடைய கேலியில் அதிகம் அடிபடுகிற வார்த்தை 'நல்' என்பது. நம்முடைய நல்ல அல்ல. விவரம் இல்லை என்பதற்கு அடையாளம். அது பூஜ்யம் அல்ல. வெறுமையான எழுத்தும் அல்ல என்பார்கள். ஆரக்கிள் மட்டும் வெறும் எழுத்தையும் நல் என்றே கொள்ளும், அதற்காக அதைத் திட்டாதவர் இல்லை. ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று கேட்டால், தெரியாது என்று பதில் வரும். வேதாந்தம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் வேடிக்கைக்காகத் தம் காருக்கு இந்த வார்த்தையையே நம்பராக வாங்கினார். நம்பர் குறிக்காமல் விட்ட அபராதச் சீட்டுகளெல்லாம் அவர் தலையில் விழுந்து, 12,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. 2019-இல் அவரே மேடையில் சொன்ன கதை இது.

சிரிக்கத் தகுந்ததுதான். ஆனால் நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். நமக்கு இனிஷியலும் பெயரும் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. மேல்நாட்டான் போட்ட பாரத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. ஆகவே அப்பா பெயரை அதில் எழுதுகிறோம். கடல் கடந்த ஊரில், மகனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்குப் புரை ஏறுகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசா அதைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டு, சொந்தப் பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுகிறது. முதற்பெயர் தெரியாது என்பது அதன் பொருள். பெற்றவர்கள் யோசித்து வைத்த ஒரே பெயர் அவனுடைய பெயரில்லை என்று ஒரு கட்டம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். நடுவில் விமான நிலையத்தில் திரும்பி நின்றவனுக்கு, நல் என்ற ஹாஸ்யம் விளங்கியிருக்காது.

ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். திருமங்கலம் என்பதில் நம் கணக்குப்படி எழுத்து ஏழு. யூனிகோட் கணக்கில் கொம்பும் புள்ளியும் தனித்தனி, ஆகவே பதினொன்று. கம்ப்யூட்டரில் வழக்கமாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 33. இங்கிலீஷை மனதில் வைத்து 30 பைட்டுக்குக் கட்டம் போட்டவனிடம் இது அடங்காது. சில இடத்தில் ஏற்க மறுக்கும். சில இடத்தில் வெட்டிவிடும். வெட்டினால் கடைசிப் புள்ளி போய் ஊர் 'திருமங்கலம' என்று நிற்கும். மீனாட்சி கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்த ஊர் என்று தலபுராணம் சொல்கிற ஊருக்கு இந்த அங்கஹீனம்!

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முன்பு கர்ணம் இருந்தார். அடங்கலும் சிட்டாவும் அவர் கையில். பரம்பரைக் கர்ணம் பதவிகளைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது, ஒழித்தது நியாயமே. அவர் ஒருவன் பெயரை விட்டுவிட்டால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டதாக இருக்கும். ஆனால் விடுபட்டவனுக்கு அவர் வீடு தெரியும். திண்ணையில் போய் நின்று சண்டை போடலாம். அவரைப் பற்றி டீக்கடையில் கேலி செய்யலாம். கணக்கு எழுதினவரும் எழுதப்பட்டவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. புதிய கணக்கருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. முகமும் கிடையாது.

இதுதான் நான் சொல்ல வந்த குறை. இந்தத் தொழிலின் ஹாஸ்யம் மேலதிகாரியைக் கேலி செய்கிறது. தன்னையே கேலி செய்துகொள்கிறது, அதில் மிக உயர்ந்தும் நிற்கிறது. பாரம் நிரப்பத் தெரியாதவனை முட்டாள் என்று கேலி செய்கிறது, அங்கே மட்டமாகிவிடுகிறது. கட்டத்துக்குள் அடைபட்டவன் பார்வையில் அது பேசுவதே இல்லை. அமெரிக்கக்காரன் அப்படிப் பேசவில்லை என்று வருந்திப் பயனில்லை. அவன் பெயர் அவன் கட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

பேச வேண்டியவர்கள் காலை பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகள். கட்டம் போடுகிறவர்களும் அவர்களே. அப்பா பெயரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களும் அவர்களே. இரண்டு பக்கமும் தெரிந்தவன்தான் எழுத்தாளன். ஆனால் அவர்களோ சாராயக் கடைக்குள் நுழைந்த டேபிள் கதையை இங்கிலீஷிலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டு ஹாஸ்யத்தைத் தமிழில் எழுதட்டும். எழுத வராதென்றால் இன்னொன்று செய்யலாம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயம் என்று குறிக்கும் இடத்தில், ஒரு தடவை கையை நிறுத்தி, இது அவசியந்தானா என்று மேலதிகாரியைக் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் நல்ல இலக்கியத்தில் சேர்த்துக்கொள்வேன்.