‘முன்னுரிமை’ கேட்ட விமானம்

மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’ 2008இல் வெளிவந்தது. அதில் விமான விபத்துகளைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மேலிடத்துக்குப் பணிந்து பேசும் பண்பாட்டில் வளர்ந்த விமானி, உயிர் போகிற நேரத்திலும் பணிந்தே பேசுகிறார், அதுவும் விபத்துக்குக் காரணமாகிறது என்பது அதன் சாரம். எடுத்தால் கீழே வைக்க முடியாது, துப்பறியும் கதை மாதிரி போகும். ஆனால் அவர் பெரிதும் நம்பியிருக்கும் அவியாங்கா 52 விமானத்தின் உரையாடல் பதிவு, அவர் சொல்வதைவிடச் சிக்கலான ஒன்றைச் சொல்கிறது.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு ஒரு போயிங் 707 வந்துகொண்டிருந்தது. உள்ளே 158 பேர். மோசமான வானிலை. வழியில் மூன்று இடங்களில் வானத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னார்கள், மொத்தம் 1 மணி 17 நிமிடம். ஒருவழியாக இறங்கப் போனால், முதல் முயற்சியில் முடியவில்லை. மேலே ஏறிச் சுற்றி வருவதற்குள் நான்கு எஞ்சின்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு எரிபொருளே மிச்சமில்லை.

வானொலியில் பேசியவர் துணை விமானி. முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். ‘எமர்ஜென்சி’ என்று மட்டும் சொல்லவில்லை. இறங்க முடியாமல் போனபின், வடகிழக்கே 15 மைல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்கிறார். சரிப்படும் என்றுதான் நினைக்கிறேன், ரொம்ப நன்றி என்கிறார் துணை விமானி. நெஞ்சை அடைக்கும் இடம். கிளாட்வெல் இங்கே நிற்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே பதிவில் இன்னொரு இடம் இருக்கிறது. நாம் எமர்ஜென்சியில் இருக்கிறோம் என்று சொல் என கேப்டன் ஸ்பானிய மொழியில் உத்தரவிடுகிறார். கொஞ்ச நேரத்தில், சொன்னாயா என்று கேட்கிறார். சொல்லிவிட்டேன் என்று பதில் வருகிறது. பணிவுதான் கோளாறு என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரியின் உத்தரவு ஏன் நிறைவேறவில்லை? நியூயார்க்கின் அதட்டல் குரல்தான் அவருக்குப் பெரிய மேலிடமாகப் பட்டது என்பது கிளாட்வெல்லின் விளக்கம். சரி, இருக்கட்டும். அப்படியானால் கேப்டனிடம் ஏன் சொல்லிவிட்டதாகச் சொன்னார்? எளிமையான பதில் ஒன்று உண்டு: சொல்லிவிட்டதாகவே அவர் நம்பியிருக்கலாம். விசாரணையில் அதே நிறுவனத்தின் வேறொரு கேப்டன் சாட்சி சொன்னார். ‘முன்னுரிமை’, ‘எமர்ஜென்சி’ இரண்டுக்கும் கட்டுப்பாட்டு அறையில் ஒரே எடைதான் என்ற எண்ணம் போயிங் கொடுத்த பயிற்சியில் தனக்கு ஏற்பட்டதாக. பண்பாட்டுக் கோட்பாட்டில் இந்தச் சாட்சியத்துக்கு இடமில்லை.

அப்புறம், கேட்ட காதுகள். இன்னும் ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும், மாற்று விமான நிலையமான பாஸ்டனுக்கு இனி போய்ச்சேர முடியாது என்று விமானம் தெரிவித்தது. அடுத்த பிரிவுக்கு அதை எடுத்துச் சொன்னவர் ஐந்து நிமிடக் கணக்கை மட்டும் சொன்னார். பாஸ்டன் விஷயம் அவர் காதில் விழவே இல்லை. அடுத்தடுத்த கட்டுப்பாட்டாளர்களுக்கு அது வரிசையில் நின்ற இன்னொரு விமானம். எரிபொருள் குறைகிறது என்பதும் தரையிறங்கப்போகும் எல்லா விமானத்துக்கும் பொருந்துகிற பேச்சுதானே. சுற்றிவளைக்காமல் பேசுபவர்கள் என்று கிளாட்வெல் காட்டும் நியூயார்க்காரர்களுக்கு இடையிலும் செய்தி பாதி வழியில் கொட்டிப்போனது.

கிளாட்வெல் பயன்படுத்தும் அதிகாரத் தொலைவு அளவுகோலைப் பரப்பியவர் ஹாஃப்ஸ்டெட், நெதர்லாந்துக்காரர். அந்த அளவுகோலில் அவருடைய நாடு அமெரிக்காவுக்குப் பக்கத்தில், கீழ்ப்படியில் இருக்கிறது. ஆனால் 1977இல் டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, கேஎல்எம் விமானி அறையில் இருந்தவர்கள் டச்சுக்காரர்கள். பான் அமெரிக்கன் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் தயங்கிக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. தயக்கத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

அவியாங்கா விசாரணை அறிக்கை விமானிகளை விட்டுவைக்கவில்லை. எரிபொருளைச் சரியாகக் கையாளாததும், அவசரநிலையை அறிவிக்காததும் முதன்மைக் காரணங்கள் என்றே சொன்னது. கூடவே, எரிபொருள் நெருக்கடியைச் சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான, தரப்படுத்தப்பட்ட சொற்கள் இல்லாததையும் பங்களித்த காரணமாகக் குறித்தது. பிற்பாடு நடந்த திருத்தமும் இந்தத் திசையில்தான் போனது. ‘மினிமம் ஃப்யூல்’, ‘மேடே ஃப்யூல்’ என்ற சொற்கள் 2012இல் சர்வதேச விதிகளில் ஏறின. டெனரிஃபுக்குப் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே, புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் வரக்கூடாது என்றானது.

கொலம்பியாக்காரர் அப்படித்தான் பேசுவார் என்று முடித்துவிட்டால், கேட்டவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சொல்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அத்தியாயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். அன்று கட்டுப்பாட்டாளர், எமர்ஜென்சி அறிவிக்கிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்கலாம். அதைக் கேட்க எந்தப் பண்பாடும் தடையாக இருந்திருக்காது.