கரைவலையின் இரு கயிறும் இரண்டு மைக்கும்

திருகோணமலைக் கடற்கரையில் வீடியோ எடுக்கிறவர் யாராக இருந்தாலும், புதுக் கமரா வாங்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு நல்ல கம்பியில்லா மைக் வாங்குங்கள். இதை எந்த மேடையில் ஏறியும் சொல்வேன். டச்பேயிலும் திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் கரையோரத்து மூத்தவர்களின் கதைகளைப் பதிவு செய்துவரும் எனக்கு, டிஜேஐ மைக் 2 கைக்கு வந்ததிலிருந்து வேலையே வேறாகிவிட்டது. முன்பும் படம் அழகாகத்தான் இருந்தது. இப்போதுதான் அந்தப் படத்தில் இருக்கிற மனிதர் பேசுவது கேட்கிறது!

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறைகிறது. கமராவை மூன்று மீற்றர் தள்ளி வைக்கிறோம். சட்டையில் குத்திய மைக்கோ வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 23 டெசிபெல் வித்தியாசம். கடல் இரைச்சல் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஆகவே நெஞ்சருகே போன மைக்கில் குரல் மட்டும் எழுந்து முன்னுக்கு வருகிறது, அலை பின்னுக்குப் போய் அதன் இடத்தில் நிற்கிறது. எவ்வளவு விலையுள்ள கமராவாக இருந்தாலும் அதன் தலையில் இருக்கிற மைக்கால் இதைச் செய்யவே முடியாது.

பூட்டுவது சின்ன வேலை. கைக்கடக்கமான ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர். பெட்டியைத் திறந்து எடுக்கும்போதே மூன்றும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்கின்றன. ரிசீவரைப் போனில் நேரே செருகலாம், அல்லது வயர் போட்டுக் கமராவின் மைக் துளையில் கொடுக்கலாம். கமராவில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, பேசுகிறவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் கடல் பொங்கி எழும். கமராவின் ஒலி அளவைக் கீழே இறக்கி, ரிசீவர் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி, சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டுத் தொட்டுப் போகும்படி வைத்தால் போதும். ரிசீவரிலேயே ஹெட்போன் குத்த இடம் இருக்கிறது. அதைக் காதில் போடாமல் பதிவைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

மைக்கை எங்கே குத்துவது என்பதுதான் நம் ஊரில் உண்மையான கேள்வி. விளம்பரப் படங்களில் எல்லாரும் கோட் போட்டிருக்கிறார்கள். இங்கே தொழிலுக்குப் போகிறவர் சாரத்தோடு வெறும் மேலோடு நிற்பார். தோளில் கிடக்கும் துவாய்தான் அப்போது கைகொடுக்கும். அதை நெஞ்சுக்குக் குறுக்காக இழுத்துச் செருகிவிட்டு, ஓரத்தில் கிளிப்பை மாட்டிவிடலாம். தொப்பி போட்டிருந்தால் அதன் முன் விளிம்பு இன்னும் நல்ல இடம். சீலை கட்டிய அம்மாமாருக்கு இந்த மைக்கின் காந்தம் பெரிய வரம்: துணிக்கு உள்ளே ஒரு துண்டு, வெளியே மைக். ஊசி இல்லை, துணி கிழியாது. தாலிக்கொடியோ சங்கிலியோ மைக்கில் தட்டாதபடி ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் தட்டல் பதிவில் சுத்தியல் அடியாகக் கேட்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்த முதியவர்களுக்குக் காந்தத்தை வைக்கவே கூடாது. முன்கூட்டியே கேட்டுவிட்டு, அவர்களுக்குக் கிளிப்பைப் பாவியுங்கள்.

இந்த 28 கிராம் பொருள் செய்கிற அற்புதம், மனிதர்கள் அதை மறந்துபோவதுதான். திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மைக்கைக் கொண்டுபோனேன்.

"தம்பி, இதை எங்க பிடிச்சுக் கதைக்கிறது?"

"பிடிக்கவே வேண்டாம் ஐயா. நீங்க உங்கட பாட்டுக்கு வலையைப் பொத்துங்க."

நான் கமராவோடு தள்ளிப் போய் ஒரு தோணியின் மறைவில் நின்றேன். அவர் கை ஊசியோடு ஓடிக்கொண்டே இருந்தது. வாய் தானாக அவிழ்ந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது தகப்பன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய கதையை, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். நடுவில் நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற 'டிக்' என்ற சத்தம்கூட மைக்கில் விழுந்திருக்கிறது. முகத்துக்கு முன்னே ஒரு தடியை நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

இனிக் காற்றுக்கு வருவோம். நம் கரையில் பதிவு செய்கிறவருக்கு இரண்டு காற்றுகள் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான். ஆண்டின் கடைசியில் கடலிலிருந்து தரைக்கு ஏறும் வாடை. எந்தக் காற்றானாலும் பேசுகிறவரின் முதுகை அதற்குக் கொடுத்துவிட வேண்டும், அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பாகிவிடும். இதில் ஓர் அழகு இருக்கிறது. கச்சான் காலத்தில் ஆளைக் கடலைப் பார்த்து இருத்த வேண்டியிருப்பதால், படத்தின் பின்னணியில் தோணிகளும் வாடிகளும் ஊரும் வருகின்றன. வாடைக் காலத்தில் ஆள் திரும்பிவிடுகிறார். பின்னணியில் கறுத்த கடலும் நுரையும். எந்தப் பக்கம் படம் எடுப்பது என்பதைக் காற்றே தீர்மானித்துத் தருகிறது!

பெட்டியோடு வருகிற ரோமத் தொப்பியை மைக்கின் தலையில் போடாமல் கரைக்கு இறங்க வேண்டாம். காற்று மைக்கின் வாயில் நேராக மோதிச் சுழலும்போது எழுகிற 'பட பட' ஓசையை எந்த மென்பொருளாலும் முழுசாகக் கழுவ முடியாது. ரோமம் அந்தக் காற்றை வழியிலேயே உடைத்து மெதுவாக்கிவிடுகிறது. குரலுக்கு ஏறக்குறைய ஒரு குறையும் இல்லை.

இந்த மைக்கை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு முழுக் காரணம் கரைவலை. வலையின் இரு கயிறுகளையும் இரண்டு கூட்டம் பிடித்து, கரையில் வெகுதூரம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கத் தொடங்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறும்போது ஒன்றாகிவிடும். இதை ஒற்றை மைக்கால் எப்படிப் பிடிப்பது? கையில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறதே! ஒவ்வொரு கயிற்றிலும் முன்னுக்கு நிற்கிறவருக்கு ஒன்று. ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்தால் ஒரு கூட்டம் இடது காதில், மற்றது வலது காதில். ஒரு பக்கத்தில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எழும்ப, மறு பக்கத்தில் மூச்சும் முனகலும் கட்டளையும். ஒரு காதில் கயிறு தோளில் உராய்வது கேட்கும், மறு காதில் ஈர மணலில் கால் புதைவது. கூட்டங்கள் நெருங்க நெருங்க ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் விழுந்து, கடைசியில் இரண்டு காதிலும் ஒரே ஆரவாரம். ஹெட்போனில் இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வடக்குக் கிழக்கின் சில கரைகளில் இன்றைக்கு உழவு இயந்திரம் பூட்டி வலை இழுக்கிறார்கள். அங்கே அம்பாவுக்கு வேலை இல்லை. கையால் இழுக்கிற கரை எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் உடனே போக வேண்டும்.

அங்கே பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டியது இந்த மைக் ஒலியை அனுப்புகிற வானலையின் குணம். இது 2.4 கிகாஹேர்ட்சில் ஓடுகிறது, வைஃபை ஓடுகிற அதே வழி. தடையில்லாத வெளியில் 250 மீற்றர் போகும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் தண்ணீர் இந்த அலையை விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, ஆகவே ஆள் முதுகைக் காட்டித் திரும்பினால் தூரம் சட்டெனச் சுருங்கிவிடும். ரிசீவரை ஒரு கம்பத்தில் தலைக்கு மேலே உயர்த்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உப்புவெளி ஹோட்டல்களின் வைஃபை நெரிசலில் இருந்து கொஞ்சம் விலகி நிற்பதும் நல்லது. நம் மாவட்டத்துக்கும் வானலைக்கும் பழைய உறவு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல 1984இல் இங்கே ஓர் அஞ்சல் நிலையம் அமைத்து, நூற்றுக்கணக்கான கிலோவாட் வலுவில் ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அந்த மண்ணில் ஒரு வாட்டுக்கும் குறைந்த வலுவோடு ஒரு தொழிலாளியின் மூச்சைக் கடற்கரை நெடுகக் கொண்டுபோகிற பொருளைக் கையில் வைத்திருப்பது எனக்குச் சின்னப் பெருமை இல்லை.

அலை அறுந்தாலும் கவலையில்லை, இதுதான் உச்சம். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்குள்ளும் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது. ரிசீவருக்குப் போய்ச் சேராத சொல்லும் உள்ளே எழுதப்பட்டுவிடும். அதுவும் 32 பிட் ஃப்ளோட் முறையில் எழுதலாம். அதாவது, முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் மடியைக் கண்டதும் அலறினாலும் அந்த அலறல் உடைந்துபோகாது. பிறகு கணினியில் இறக்கிச் சரிசெய்யலாம், முணுமுணுப்பையும் ஏற்றலாம். கமராவுக்கு வயரில் வருகிற ஒலிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், உள்பதிவை எப்போதும் ஓட விடுங்கள். தொடக்கத்தில் கமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இரண்டையும் அலைவடிவம் பார்த்துப் பொருத்திக் கொடுத்துவிடும்.

கோணேசர் கோயிலிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிரெட்ரிக் கோட்டை இராணுவத்தின் இடம், துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே கமராவைத் தூக்கும் முன் கேட்டே ஆக வேண்டும். கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த துணியால் மைக்கையும் மின்னேற்றும் முனைகளையும் துடைத்துவிடுங்கள், உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில், கரையில் எண்பது தாண்டியவர் ஒருவர் இருந்தால் இந்தக் கிழமையே ஒரு மைக்கோடு அவரிடம் போங்கள். அவர் சம்மதத்தைக் கேட்டு, பெயரையும் ஊரையும் திகதியையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வையுங்கள். பிறகு வெட்டாத மூலக் கோப்பைப் போனிலேயே கிடக்க விடாமல் வாய்மொழி வரலாறுகளைச் சேகரிக்கிற நூலகம் நிறுவனம் போன்ற இடத்தில் சேர்ப்பியுங்கள். மைக் இல்லாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.