'தேய்மானம்' என்னும் சொல் பொருந்துமா?

முதுகு வலியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'தட்டு தேய்ந்துவிட்டது' என்னும் தொடரோடு அமைந்துவிடுகின்றனர். உரசலால் குறைவதே தேய்தல். அம்மி தேயும், செருப்புத் தேயும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டோ உயிருள்ளது. நடுவே நீர் செறிந்த கூழ், சுற்றிலும் நார் வளையம், இரண்டிலும் வாழும் உயிரணுக்கள். உள்ளே குருதிக் குழாய் இல்லாமையால், அவற்றுக்கு உணவு எலும்பின் ஓரத்திலிருந்து ஊறியே வரவேண்டும். அவ்வணுக்கள் மடியுமானால், நீரைப் பிடித்து வைக்கும் பொருள் குறைந்து தட்டு வற்றுகிறது. படத்தில் 'தேய்வு' எனக் காண்பது பெரும்பாலும் இவ்வற்றலே.

சுமை தூக்குவதே காரணம் என்பாரும் உளர். பின்லாந்து நாட்டு ஒருகரு இரட்டையரைக் கொண்டு 1995இல் வெளிவந்த ஆய்வில், தொழிற்சுமையால் விளைந்த வேறுபாடு சிறிதே. குடும்பவழி ஒப்புமையே பெரிதாகத் தோன்றிற்று.

அணுக்கள் மடியும் முறையும் ஒன்றன்று. ஒரு முறையில் அணு சுருங்கி, சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஆரவாரமின்றி மறைகிறது. 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் இதற்கு 'அப்போப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலையும் இதழும் உதிர்தலைக் குறிக்கும் இக்கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் கார்மாக். அறிவியலார் மொழியாசிரியரிடம் சென்று கேட்டனர் என்பது தமிழாசிரியர்கள் கருதத்தக்கது. இதனைத் தமிழில் 'தற்கொலை' என எழுதுவது பெரும் பிழை. அணுவுக்கு மனமேது, வெறுப்பேது?

மற்றொரு முறை கொடிது. அழற்சியைத் தூண்டும் குறிகள் எழுந்ததும் அணுவினுள் காஸ்பேஸ்-1 என்னும் நொதி விழித்து, காஸ்டெர்மின்-டி என்னும் புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் அணுவின் உறையில் துளையிடுகின்றன. அணு வீங்கி வெடிக்கிறது. அதன் வழியே வெளிப்படும் இன்டர்லூக்கின்-1 பீட்டா அண்டை அணுக்களையும் கிளறி, தட்டின் நாரையும் கூழையும் அரிக்கும் நொதிகளைச் சுரக்கச் செய்கிறது. துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் எளிதில் புகாத இடமாதலின் சிதைவுகளும் தங்கிவிடுகின்றன. இச்சாவுக்கு 2001இல் சூட்டப்பட்ட 'பைரோப்டோசிஸ்' என்னும் பெயரின் முன்பகுதி நெருப்பைக் குறிக்கும்.

தமிழுக்கு இங்கே இடர்ப்பாடு இல்லை. முயல் என்பதிலிருந்து முயற்சி பிறந்தவாறே அழல் என்பதிலிருந்து அழற்சி பிறந்தது, அழல் நெருப்பேயாம். முன்னதை 'உதிர்சாவு' என்றும் பின்னதை 'அழற்சாவு' என்றும் வழங்கினால் வேறுபாடு சொல்லிலேயே விளங்கும். இரண்டையும் 'செல் இறப்பு' என்று ஒரே மூட்டையில் கட்டும் கட்டுரைகளால் மாணவர்க்குப் பயனில்லை.

இவ்வறிவில் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வுக்கூட அணுக்களிலும் கண்டது. அழற்சாவைத் தடுத்து மனிதரின் தட்டைக் காக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வலியே அறியாதவர் பலரின் படங்களிலும் வற்றிய தட்டுகள் உண்டு. 'தேய்ந்துவிட்டது' என்று கேட்டவரோ, இனி அசைந்தால் மேலும் தேயும் என அஞ்சிப் படுக்கையே கதியெனக் கிடக்கிறார். பொதுவான முதுகு வலிக்கு நெடுநாட் படுக்கை நன்மை தருவதில்லை.