இலக்கமில்லாத் துப்பாக்கியும் அதன் விமர்சகர்களும்

பண்டங்களை ஒப்புநோக்கி நயங்கூறும் எழுத்து ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு தனி விமர்சனத் துறையாகவே வளர்ந்துவிட்டது. மோட்டார் வண்டி முதற் சவர அலகு வரை அதற்குப் பொருளாகாதது எதுவுமில்லை. அத்துறையின் சிறு கிளையொன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலே தாமாகத் துப்பாக்கி செய்துகொள்ள விரும்புவோருக்கெனக் கொம்பனிகள் பல, பாதி முடிந்த 'ரிசீவர்'களை விற்றுவந்தன. எந்தக் கொம்பனியின் ரிசீவர் சிறந்தது என ஆராயும் கட்டுரைகளே நாம் குறிப்பிடும் கிளை. இலக்கியத் திங்களிதழொன்றிலே இதற்கென்ன இடம் என வாசகர் வினவக்கூடும். விமர்சனம் என்ற பெயரில் எழுதப்படும் எதுவும், தான் எதனை அளக்கிறது, எதனை அளக்க மறுக்கிறது என்ற கேள்விக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளது. இக்கேள்வியைக் கவிதை விமர்சகனிடம் கேட்கும் நாம், துப்பாக்கி விமர்சகனிடம் கேளாது விடுவதற்கு நியாயமில்லை.

முதலிற் பொருளை விளக்குவோம். ரிசீவர் என்பது துப்பாக்கியின் விசையையும் சுத்தியலையும் தன்னுள்ளே தாங்கி நிற்கும் கூடு. குழல், கைப்பிடி, தோளணை முதலியன யாவும் அதனோடு வந்து பொருந்துவன. மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேட் கெனடியும் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டிலே நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இக்கூட்டையே துப்பாக்கியாகக் கொண்டது. உற்பத்தியாளன் அதிலே தொடரிலக்கம் பொறித்தல் வேண்டும். உரிமம் பெற்ற வணிகன் வாங்குவோனின் பெயரைப் பதிதல் வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வாங்குவோனின் பின்னணியும் விசாரித்தறியப்படல் வேண்டும். ஆனால், விற்கும் நோக்கமின்றித் தன் சொந்தப் பாவனைக்காக ஒருவன் தானே செய்துகொள்ளும் துப்பாக்கிக்குச் சமஷ்டிச் சட்டம் இலக்கம் கேட்கவில்லை.

அந்தச் சிறு வாசலினூடாகவே ஒரு வணிகம் முழுவதும் உள்ளே நுழைந்தது. கூட்டைப் பெரும்பகுதி செய்து முடித்து, சட்டம் அதனைத் துப்பாக்கியெனக் கருதும் நிலைக்குச் சற்று முன்னே நிறுத்திவிட்டால் அது வெறும் உலோகத்துண்டாகிவிடுகிறது. இலக்கம் வேண்டியதில்லை, பதிவும் விசாரணையும் வேண்டியதில்லை. இதற்கு '80 வீதம்' என்று பெயரும் சூட்டினார்கள். சட்டத்திலே இப்படியொரு சொல் கிடையாது. துப்பாக்கி விவகாரங்களுக்குப் பொறுப்பான சமஷ்டிப் பணியகமே இது தன்னுடைய சொல் அன்று எனக் கூறியுள்ளது. எதனுடைய 80 வீதம்? உலோகத்தினதா, உழைப்பினதா, நேரத்தினதா? எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விளம்பரக்காரனின் எண்கணிதத்துக்கு வாய்பாடு வேண்டுவதில்லையே.

இனி ஒப்பீடுகளுக்கு வருவோம். இவற்றில் இரண்டு மூன்றைப் படித்தவன் நான்காவதைத் தானே எழுதிவிடலாம். கலப்புலோகம் 7075 என்னும் உறுதியான வகையா, 6061 என்னும் மென்மையான வகையா? அடித்து உருவாக்கப்பட்டதா, முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டதா? மேற்பூச்சு எப்படி? ஓரங்கள் வழுவழுப்பாக உள்ளனவா? விலை என்ன, எத்தனை நாளில் வந்து சேரும்? இவ்வாறு வரிசையாக வினாக்கள் எழுப்பப்பட்டு, ஒவ்வொரு கொம்பனிக்கும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. எழுதுவோரிடம் ஒருவகை நேர்மையும் இல்லாமலில்லை. குறையைக் குறையென்று சொல்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்த பின்னரே எழுதுகிறார்கள். நமது நூல் மதிப்புரையாளர் பலர் ஒரு நாவலை இத்துணை உற்றுநோக்குவதில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம்.

எனினும், இக்கட்டுரைகளின் அளவுகோல்களைச் சேர்த்து நோக்கும்போது ஒரு விசித்திரம் புலனாகிறது. எல்லா அளவுகோல்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வாங்குவோனுக்கு மிஞ்சியிருக்கும் வேலை எதிலே மிகக் குறைவோ, எதிலே தவறு செய்வது மிகக் கடினமோ, அதுவே சிறந்தது. அஃதாவது, நூற்றுக்கு மிக நெருங்கி வருவதே உயர்ந்தது. ஆனால் நூறை எட்டிவிடவுங்கூடாது. கட்டுரையின் தொடக்கத்திலே 'உன் கையாற் செய்' என்ற அறைகூவல். முடிவிலே, கைக்கு வேலை வைக்காத பண்டத்துக்கு முதற் பரிசு!

இன்னுமொன்று. இக்கட்டுரைகளிலே விலைப் பட்டியல் தவறாது இடம்பெறும். ஆனால் முற்றாகச் செய்து முடித்த, இலக்கம் பொறித்த ரிசீவரை உரிமம் பெற்ற கடையிலே பல வேளைகளில் இதனினும் மலிவாக வாங்கலாம் என்பதும், முடிக்கும் வேலைக்கு வேண்டிய கருவிகளின் செலவையுஞ் சேர்த்தால் வேறுபாடு மேலும் கூடும் என்பதும் அப்பட்டியலின் அருகே வைத்து ஆராயப்படுவதில்லை. குறையுழைப்புக் கொண்ட பண்டம் நிறையுழைப்புக் கொண்ட பண்டத்தைவிடக் கூடிய விலைக்குப் போவது எங்ஙனம்? பொருளியலின் அரிச்சுவடி அறிந்த எவனையும் நிறுத்தி யோசிக்கவைக்க வேண்டிய இடம் இது. விடை எளியது. வாங்குவோன் அலுமினியத்துக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை; அதிலே இல்லாத ஒன்றுக்கும் பணம் கொடுக்கிறான். அந்த இல்லாமைதான் அப்பண்டத்தின் பயன்பெறுமதி. தொடரிலக்கம் இல்லாமையை ஒரு நிரலிலே எழுதி, எல்லாக் கொம்பனிகளுக்கும் முழுப்புள்ளி வழங்கியிருந்தால் அது நேர்மையான ஒப்பீடாக இருந்திருக்கும். சிலர் அதனைத் 'தனியுரிமை' என்ற அழகிய சொல்லாற் குறிப்பிட்டுவிட்டு, மறுபடியும் மேற்பூச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இவ்வெழுத்திலே அடிக்கடி ஒலிக்கும் இன்னொரு சுருதி மரபு பற்றியது. அமெரிக்கன் தொன்றுதொட்டுத் தன் துப்பாக்கியைத் தானே செய்தவன் என்றும், வீட்டுப் பட்டறையிலே இருப்பவன் அந்த மரபின் வாரிசு என்றும் கூறப்படுகிறது. இது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும். 18ஆம் நூற்றாண்டிலே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர்ப் பகுதியிற் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் நீண்ட குழற்றுப்பாக்கிகளைச் செய்தார்கள் என்பது உண்மை. ஆயின் அது குருகுலமாய்க் கற்ற தொழில். ஒருவன் செய்த துப்பாக்கியின் உறுப்பு இன்னொருவன் செய்ததிலே பொருந்தாது. பொருந்தும் உறுப்புக்களைச் செய்தது பட்டறையன்று, அரசாங்கத்தின் ஆயுதசாலை. வேர்ஜினியாவின் ஹார்ப்பர்ஸ் பெரியிலே 1820களில் ஜோன் ஹோல் என்பவர் எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்துமாறு இயந்திரங்களாற் செய்து காட்டினார். அன்றே பழைய கொல்லனின் காலம் முடியத் தொடங்கியது.

அக்கொல்லர்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொண்டார்கள் என்றுங் கருதற்க. தம் விருப்பப்படி வந்து தம் வேகத்திலே வேலை செய்தவர்கள்மீது இராணுவ அதிகாரியின் மேற்பார்வையும் கடிகாரமும் சுமத்தப்பட்டபோது, 1842இல் ஹார்ப்பர்ஸ் பெரித் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுட் சிலர் கால்வாய்ப் படகிலேறி வாஷிங்டன் சென்று ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டனர். பயன் கிட்டவில்லை, திரும்பிச் சென்று கடிகாரத்தின் கீழேயே வேலை செய்யவேண்டியதாயிற்று. இன்று வீட்டிலிருந்து துப்பாக்கி 'செய்பவன்' எதனைச் செய்கிறான்? எவரோ செய்த குழலை, எவரோ செய்த விசையை, எவரோ முக்காலே மூன்று வீசம் முடித்த கூட்டோடு பொருத்துகிறான். அவ்வுறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்துவது ஹார்ப்பர்ஸ் பெரித் தொழிலாளர் தோற்றுப்போனதாலேயே. அவன் கொல்லனின் வாரிசல்லன். கொல்லனைத் தோற்கடித்த ஆயுதசாலையின் வாரிசு. ஒப்பீடுகளிற் பெரும்பாலும் பேசப்படும் ஏ.ஆர். 15 வகையும் அதனையே காட்டுகிறது. 1950களின் பிற்பகுதியில் ஆர்மலைட் கொம்பனியில் யூஜின் ஸ்டோனர் முதலியோர் வகுத்த அமைப்பு அது. 1959இல் கோல்ட் கொம்பனிக்கு உரிமை விற்கப்பட்டு, எம். 16 என்ற பெயரில் வியட்நாமிய மக்கள்மீது பரீட்சிக்கப்பட்டது. 1977இல் ஆக்கவுரிமை முடிந்தபின் எவரும் செய்யத்தக்க சந்தைப் பண்டமாயிற்று. இதிலே குடிசைக் கைத்தொழில் எங்கேயிருக்கிறது?

கையால் ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்ற அவாவை நாம் ஏளனஞ் செய்யவில்லை. நாள் முழுதும் பிறருக்காக உழைத்து, செய்த பொருளில் உரிமையற்றுப் போனவன் ஓய்வு நாளிலே தன் பெயர் சொல்ல ஒரு பொருளைத் தேடுவது இயல்பு. இவ்வாறு வாங்கியோரிற் பெரும்பாலார் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதிலும் ஐயமில்லை. அந்த அவாவையே மூலப்பொருளாக்கிப் பணம் பண்ணியவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

நம் பக்கத்திலிருந்தே எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. அரசு யாருடைய கருவி என்பதை அறிந்த நாம் அரசின் பதிவேட்டுக்காக ஏன் வாதாடவேண்டும்? 1967 மே மாதத்திலே கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் ஆயுதந் தாங்கிக் கலிபோர்ணியாவின் சட்டசபைக் கட்டடத்துள் நுழைந்தபோது, அவர்களை நிராயுதபாணிகளாக்கவே மல்போர்ட் சட்டம் விரைந்து நிறைவேறியது. அதிலே கையொப்பமிட்ட ஆளுநர் றொனால்ட் றேகன். துப்பாக்கிச் சட்டம் வர்க்க, நிற நடுநிலை உடையதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. ஆனால் சிறுத்தைகள் துப்பாக்கியைப் பகிரங்கமாக ஏந்திச் சென்றார்கள். ஓர் அமைப்பின் பெயரால், தம் முகங்களைக் காட்டி, பொறுப்பேற்று நின்றார்கள். இலக்கமில்லாப் பண்டம் விற்பவன் எந்த மக்களையும் ஆயுதபாணிகளாக்கவில்லை. தனியனுக்கு விற்றான், தனியனாகவே இருக்கும்படி விற்றான். தொடரிலக்கம் வாங்கியவனை மட்டும் காட்டிக்கொடுப்பதன்று. செய்தவனையும் விற்றவனையும் அதுவே காட்டிக்கொடுக்கும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழக்குகளிலிருந்து ஏற்கெனவே பெருமளவு காப்பாற்றப்பட்ட ஒரு தொழிலுக்கு, தன் பெயரே இல்லாத பண்டம் எத்துணை வாய்ப்பானது!

விளைவைச் சுருக்கமாகவே கூறலாம். 2013 யூனில் சாந்தா மொனிக்காவிலே தன் தந்தையையும் தமையனையும் கொன்று, பின்னர் கல்லூரி வளவு வரை சென்று, மொத்தம் ஐவரைக் கொன்ற 23 வயது இளைஞனிடம் இருந்தது இவ்வகை ரிசீவரிற் கட்டிய துப்பாக்கி. துப்பாக்கி வாங்க அவனுக்குத் தகுதியில்லை என மாநில நீதித் திணைக்களம் முன்னரே மறுத்திருந்தது. 2017 நவம்பரில் றாஞ்சோ தெஹாமாவிலே ஐவரைக் கொன்றவன் துப்பாக்கி வைத்திருக்க நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டவன். வீட்டிலே கட்டிய துப்பாக்கிகளோடு ஆரம்பப் பாடசாலையொன்றை நோக்கியுஞ் சென்றான். பாடசாலைப் பணியாளர் வெடிச்சத்தங் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவுகளைப் பூட்டியமையால் அவனால் வகுப்பறைகளுக்குள் நுழைய இயலவில்லை. பொலிசார் கைப்பற்றித் தடமறியக் கோரிய இத்தகைய துப்பாக்கிகள் 2017இல் ஏறத்தாழ 1600. 2021இல் 19000க்கு மேல். நீதிமன்றம் தடுத்தவன், திணைக்களம் மறுத்தவன் ஆகியோர் ஒப்பீட்டுக் கட்டுரையின் வாசகர் என்ற முறையில் எவ்விதத் தடையும் அற்றவர்கள்.

2022இலே சமஷ்டிப் பணியகம் விதியொன்றை இயற்றி, எளிதில் துப்பாக்கியாக்கத்தக்க பொதிகளையும் கூடுகளையும் சட்டத்துள் கொண்டுவந்தது. கொம்பனிகளும் வேறு சிலரும் அதனை எதிர்த்தனர். 2025 மார்ச் 26இல் அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற வகையிலே விதி செல்லும் எனத் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கோர்சச். பழைமைவாதியெனப் பெயர்பெற்ற அவர் தம் முடிவுக்கு ஆதாரமாகக் கொண்டது சொல்லிலக்கணத்தை என்பது தமிழாசிரியரின் ஆர்வத்தைத் தூண்டவல்லது. செயற்கைப் பொருள்களின் பெயர்களை மக்கள் முடியாத பொருளுக்கும் வழங்குவர் என்றார் அவர். கையெழுத்துப்படியை நீட்டி 'என் நாவலைப் படித்துப் பாரும்' என்பான் எழுத்தாளன். பலகைகளாக வந்திறங்கிய மேசையையும் மேசையென்றே சொல்வர். போலிமர் 80 என்னும் கொம்பனி விற்ற பொதியொன்றின் பெயரே 'வாங்கு, செய், சுடு' எனப் பொருள்படுவது. முன்னனுபவமில்லாத ஒருவர் அதனை 21 நிமிடத்திலே துப்பாக்கியாக்கினார் என்பதும் தீர்ப்பிலே கூறப்பட்டுள்ளது. அக்கொம்பனி லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் தொடுத்த வழக்கிலே 2023இல் 50 இலட்சம் டொலருக்கு இணங்கி, 2024இல் தொழிலை நிறுத்திக்கொண்டது. எவ்வளவு முடிந்தால் ஒரு கூடு துப்பாக்கியாகும் என்ற எல்லையை நீதிமன்றம் ஒவ்வொரு பண்டத்துக்கும் வரைந்துவிடவில்லை. உதிரிகளைத் துப்பாக்கியென்பது சொல்லை வலிந்து நீட்டுவதாகும் என்பது மாறுபட்ட நீதியரசர் தோமஸின் கருத்து.

நம் உரையாசிரியர்கள் இவ்வழக்கை இத்துணை நீட்டியிருக்கமாட்டார்கள். செயப்படுபொருளை அவர்கள் இயற்றப்படுவது, வேறுபடுக்கப்படுவது, எய்தப்படுவது என மூவகைப்படுத்தினர். 'எயிலை இழைத்தான்' என்னும்போது இழைக்கத் தொடங்கும் வேளையில் எயில் இல்லை. ஆயினும் செங்கல்லை இழைத்தான் என எவரும் சொல்வதில்லை. கிணறு வெட்டுகிறோம், சோறு ஆக்குகிறோம் என்பனவும் இவ்வாறானவையே. செய்வோனின் நோக்கம் எதுவோ அதுவே பொருளின் பெயர். நீதிமன்றம் 2025இலே கண்டதை ஒப்பீட்டு விமர்சகர்கள் எப்போதோ அறிந்திருந்தனர். அவர்களின் தலைப்புக்களையே சான்றாகக் காட்டலாம். எந்த ரிசீவர் சிறந்த துப்பாக்கியைத் தரும் என்றுதான் அவை கேட்கின்றன. அலுமினியத் துண்டுகளுட் சிறந்தது எது எனத் தலைப்பிட்டவர் எவருமிலர்.