ஒளிரும் நியூரான் சொல்வதும் சொல்லாததும்

உயிருள்ள சுண்டெலியின் மூளையில் எந்த நியூரான் எப்போது இயங்குகிறது என்பதை இன்று கண்ணால் பார்க்கலாம். அதற்குக் கை கொடுப்பது ஜிகேம்ப் என்ற செயற்கைப் புரதம். 2001இல் ஜுனிச்சி நகாயும் அவருடன் பணியாற்றியோரும் இதை உருவாக்கினார்கள். ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதத்துடன் கால்சியத்தைப் பற்றும் கால்மோடுலினைப் பிணைத்தார்கள். மின்துடிப்பு எழுந்ததும் நியூரானுக்குள் கால்சியம் பாய்கிறது. புரதம் வடிவம் மாறிப் பளிச்சிடுகிறது.

இதன் வலிமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மின்முனையைச் செருகினால் துடிப்பு கேட்கும். அது எந்த வகை நியூரானின் குரல் என்பது பெரும்பாலும் தெரியாது. ஜிகேம்பின் மரபணுவையோ விரும்பிய வகை நியூரானில் மட்டும் இயங்கச் செய்யலாம். அதே நியூரானை வாரக்கணக்கில் பின்தொடரலாம். 2013இல் ஸீப்ரா மீன்குஞ்சின் மூளையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நியூரான்களின் இயக்கத்தை ஆய்வாளர்கள் தனித்தனியே படம்பிடித்தார்கள். மின்முனைகளால் எட்ட முடியாத பரப்பு அது.

ஆனால் அந்தக் குஞ்சு கண்ணாடிபோலத் தெளிவானது. பாலூட்டியின் மூளை ஒளியைச் சிதறடிக்கும். இரு ஃபோட்டான் நுண்ணோக்கிகூட வழக்கமாக ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் திணறிவிடும். அதற்கும் கீழே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைக் காண, மேலுள்ள மூளைப் புறணியில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுக்கும் வழக்கமும் உண்டு. இயல்பான மூளையைப் பார்க்க மூளையையே வெட்டுகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

காலமும் ஒரு சிக்கல். துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டில் முடியும். பழைய ஜிகேம்ப் வகைகளில் ஒளி அடங்கப் பல நூறு மில்லிசெகண்ட் ஆகும். அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு நியூரான் அடக்கப்பட்டால், அந்த மௌனம் படத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான குறை வேறு. இந்தப் புரதம் வெறும் சாட்சி அல்ல. நியூரானுக்குத் தேவையான கால்சியத்தையே பற்றிக்கொள்கிறது. புறணி முழுவதும் ஜிகேம்ப்6 என்ற வகை உருவாகும் சில மரபுமாற்றச் சுண்டெலி வகைகளில் வலிப்பை ஒத்த மின்னலைகள் எழுவதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அத்தகைய விலங்கின் மூளையை இயல்பானது என்று எழுதுவது பிழை.

கருவியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஒளிப்படத்தை மட்டும் சான்றாக வைக்கும் முடிவை நான் பாதிச் சான்றாகவே கொள்வேன். அதே வகை விலங்கில் மின்முனைப் பதிவும் எடுத்து, இரண்டையும் ஆய்வாளர்கள் சேர்த்தே வெளியிட வேண்டும்.